ரோஸ்வித்தா சொன்னதில் பாதி

ஓட்மார் தன் மீசையைக் கம்பெனிக்கு விற்றுவிட்டான் என்றுதான் ரோஸ்வித்தா ஊரெல்லாம் சொல்லிவந்தாள். அது பொய்யும் இல்லை. க்ரோன்வால்ட் கம்பெனியின் புது பீர் பாட்டிலில் முக்கால்வாசி இடத்தை அந்த மீசைதான் அடைத்துக்கொண்டிருந்தது. மீசைக்குக் கீழே 'ஸ்டைன்ராய்ட் சோய்கல் – ஓட்மார் வீட்டுப் பக்குவம்' என்று கையால் எழுதியது போன்ற எழுத்து. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும் அளவில், வெகுதூரத்தில் இருக்கும் ஒரு தொழிற்பேட்டையின் முகவரி.

ஸ்டைன்ராய்ட் என்ற அந்த ஊரில் சோய்கல் பீர் என்பது பாட்டிலில் அடைக்கிற சமாசாரமே இல்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு காய்ச்சுமனை உண்டு. விறகு போட்டு எரிப்பார்கள். அதில் பீர் காய்ச்சும் உரிமை ஐந்து வீடுகளுக்கு மட்டும். உரிமை வீட்டோடு ஒட்டிக்கொண்டது, ஆளோடு அல்ல. காய்ச்சிய சாற்றில் அவரவர் பங்கை அவரவர் நிலவறைக்கு எடுத்துப்போய் ஈஸ்ட் போட்டு நொதிக்க விடுவார்கள். பக்குவமானதும் வாசலில் ஒரு மர நட்சத்திரம் தொங்கும். தொங்கினால் அந்த வீட்டு முன்னறை ஊருக்கே திறந்துவிட்டது என்று பொருள். பீரோடு ரொட்டியும், பன்றி இறைச்சித் துண்டும், உப்புப் போட்டுச் சீவிய முள்ளங்கியும் கிடைக்கும். பீப்பாய் காலியானால் நட்சத்திரம் இறங்கி அடுத்த வீட்டுக்குப் போகும்.

ஒரே அண்டாவில் கொதித்த சாறுதான். ஆனாலும் ஐந்து நிலவறைக்கும் ஐந்து ருசி. எது நன்றாக இருக்கிறது என்று சொல்ல லேபிளும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. முதல் குவளை மட்டும்தான் உண்டு. ஒரு வீட்டில் பீப்பாய் திறந்தால், முறைப்படி அடுத்துத் திறக்கவேண்டிய வீட்டுக்காரர் வந்து முதல் குவளையைக் குடித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர் சொல்லாமல் இரண்டாவது குவளை நிரம்பாது. போட்டிக்காரன் வாயிலிருந்து வருகிற வார்த்தை என்பதால்தான் அதற்கு மரியாதை.

அந்த ஊர்க்காரர்கள் பாராட்டு விஷயத்தில் மகா கஞ்சர்கள். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவனிடம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "பாக்கலாம்" என்பான். அதற்கே அவன் அம்மா பூரித்துப்போவாள். பீரில் அவர்களுடைய உச்சபட்ச வார்த்தை "குடிக்கலாம்". அதற்கு மேல் ஒன்று கிடையாது. அதற்குக் கீழே ஒரு முனகல். அதற்கும் கீழே, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

ஓட்மார் வீட்டுக்கு அடுத்த முறை ரோஸ்வித்தாவின் வீடு. எனவே அவன் பீப்பாயின் முதல் குவளை எப்போதும் அவளுடையது. அவள் நாக்கை நம்பி நூரன்பெர்க்கிலிருந்தும் ஆட்கள் வண்டி பிடித்து வருவார்கள். அவள் "குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள் என்றால் அது குடிக்கலாம்தான். அப்பா இறந்தபின் அந்த முன்னறையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள் அவள். அவளுக்கு இருந்த சொத்து அந்த நாக்கும் ஒரு நிலவறையும்.

க்ரோன்வால்ட் கம்பெனி சும்மா வரவில்லை. சின்னச் சின்னப் பீர்க்காரர்களிடம் ஜனங்கள் ஓடுகிறார்கள் என்று தெரிந்ததும், முதலில் அவர்களைப் போலவே வேஷம் கட்டிப் பார்த்தது. மண்டையோடு போட்ட லேபிள், மாம்பழ வாசனை, புரியாத பெயர்கள். எடுபடவில்லை. பிறகுதான் அவர்களுக்கு ஓட்மாரின் மீசை கண்ணில் பட்டது. அவன் கையெழுத்துப் போட்டான். வசந்தத்தில் பாட்டில் வந்தது. கோடைக்குள் ரோஸ்வித்தாவின் முன்னறையில் பாதி பெஞ்சுகள் காலி. நூரன்பெர்க்கிலிருந்து கூட்டமாக வரும் மலையேறும் சங்கத்தார் வருவதில்லை. சூப்பர் மார்க்கெட்டிலேயே ஸ்டைன்ராய்ட் சோய்கல் கிடைக்கும்போது, பஸ் ஏறி ஸ்டைன்ராய்டுக்கு வர அவர்களுக்கென்ன பைத்தியமா?

இலையுதிர் காலத்தில் ஓட்மார் வீட்டு வாசலில் நட்சத்திரம் ஏறியது. ரோஸ்வித்தா மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல் கதவில் ஏதோ அறிவிப்புப் பலகை சாய்த்து வைத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து நுழைந்து பழகிய வாசலில் பலகையை யார் படிப்பார்கள்? அவள் படிக்கவில்லை. உள்ளே போனதும்தான் தெரிந்தது, முன்னறை முழுக்க விளக்கு. கேமரா. சுவரில் அதுவரை இல்லாத மான்கொம்பு. ஓட்மார் மீசைக்கு மெழுகு தடவி, தாத்தா காலத்துத் தோல் கால்சட்டையில் நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா இது, சர்க்கஸா?"

"வா ரோஸி, வா. சும்மா ஒரு சின்னப் படம் எடுக்கறாங்க. நீ பாட்டுக்கு எப்பவும் போல குடி, அவ்வளவுதான்."

"எப்பவும் போலன்னா, இந்த மான் எப்போ செத்துச்சு?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் ஹார்ட்விக் சிரித்தார். அவர் ஐந்து வீட்டிலும் நட்சத்திரம் ஏறிய முதல் நாளே ஆஜராகும் விவசாயி. "மான் கம்பெனியோடது, ரோஸ்வித்தா. அதுவும் பாட்டில்ல அடைச்சு வந்துச்சு."

கம்பெனியிலிருந்து வந்திருந்த ஸ்வென்யா என்ற பெண் ஓடிவந்தாள். வடக்கே ஹாம்பர்க் பக்கத்துக்காரி. சிரிப்பு முகத்திலேயே தைத்து வைத்திருந்தது. "நீங்கதான் ரோஸ்வித்தாம்மாவா? உங்களைப் பத்தி எவ்வளவு கேள்விப்பட்டிருக்கேன்! அந்த முதல் குவளை... ஐயோ, எனக்குப் புல்லரிக்குது."

"கதவு திறந்திருக்கு, அதான். சாத்தினா சரியாப் போயிடும்."

ஓட்மார் பீப்பாயைத் திறந்தான். குவளை நிரம்பி, நுரை ஏறி, அவள் கைக்கு வந்தது. ரோஸ்வித்தா குடித்தாள்.

சனியன், நன்றாக இருந்தது. சாதாரணமாக நன்றாக இல்லை. அவளே அதே அண்டாச் சாற்றில் பங்கு வாங்கி, அதே குளிரில் வைத்து, அந்தக் கசப்பை இவ்வளவு அழகாக அடக்க முடியாமல் தோற்ற பீர் அது. ரொட்டி மணம், தொண்டையில் ஒரு காய்ந்த முடிவு, அடுத்த மிடறுக்குக் கை தானாகப் போனது. வயிறு எரிந்தது அவளுக்கு. இந்தப் பயலுக்கு இந்தக் கையையும் கொடுத்து அந்தப் புத்தியையும் கொடுத்த கடவுளை என்ன செய்யலாம்?

புளித்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேமராவுக்கு முன்னால் ஓட்மாரின் கதை முடிந்தது. ஆசை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஹார்ட்விக் அடுத்த குவளையைக் குடிப்பார். அவளை ஒரு பார்வை பார்ப்பார், அதோடு அவள் நாக்குக்கு இருந்த மரியாதை போய்ச் சேரும். நல்லது என்று சொன்னாலோ, அந்தத் தொழிற்பேட்டைத் தண்ணீரை அவளே கூவி விற்றதாக ஆகும்.

குவளையைக் காலி செய்து மேசையில் வைத்தாள்.

"குடிக்கலாம்," என்றாள். அறையில் ஆட்கள் மூச்சு விட்டார்கள். ஓட்மாரின் மீசை விரிந்தது. "ஆனா பாட்டில்ல இருக்கறது இது இல்ல."

ஹார்ட்விக் மேசையைத் தட்டினார். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். ஓட்மாரின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. ஸ்வென்யா மட்டும் கைதட்டினாள்.

"அருமை! அப்படியே மண்வாசனை! இன்னொரு தடவை எடுத்துக்கலாமா? அந்த முதல் வார்த்தை மட்டும் போதும்."

"இந்த ஊர்ல முதல் குவளைய ரெண்டு தடவ குடிக்கறதில்லம்மா," என்று சொல்லிவிட்டு ரோஸ்வித்தா வெளியேறினாள்.

முற்றத்தில் ஓட்மார் துரத்திக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏன்டி என் மானத்த வாங்கற? அதே பக்குவம், அதே பார்லி, அதே ஹாப்ஸ். எல்லாம் நான் எழுதிக் குடுத்ததுதான்."

"எழுதிக் குடுத்தா பீர் ஆயிடுமா? நம்ம காய்ச்சுமனைக்கு ஒரு நாளாவது வந்தானுங்களா? உன் நிலவறைய எட்டிப் பாத்தானுங்களா? மீசைய வந்து அளந்தானுங்க, போனானுங்க."

"உனக்குப் பொறாமை."

"ஆமாடா, பொறாமைதான். உள்ள நீ வெச்சிருக்கற பீரப் பாத்து எனக்குப் பொறாமைதான். அதக் குடிச்சிட்டு வந்து சொல்றேன், நீ வித்தது உன் மீசைய இல்ல, ஊர் பேர. அது உன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

"என் கூரைய யாரு மாத்துவா? நீயா? என் பையன் இனி இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன்னு போயிட்டான். எவ்வளவு நாளைக்கு நான் இந்தப் பீப்பாய உருட்டிக்கிட்டே இருக்கறது?"

"உருட்ட முடியலன்னா நிறுத்து. யாரு வேணாம்னா? நிறுத்திட்டேன்னு சொல்லு. ஊர்ல இன்னும் நாலு வீடு இருக்கு. அத விட்டுட்டு, நாலு வீட்டுப் பேரையும் சேத்து எவனுக்கோ தாரை வாத்துட்டு, இங்க வந்து கூரையக் காட்டற."

அவன் திரும்பி உள்ளே போனான். அன்று ஓட்மார் வீட்டில் பீப்பாய் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியானது என்று பேசிக்கொண்டார்கள். பீர் என்ன பாவம் செய்தது?

முதல் பனி விழுந்த வாரம், சூப்பர் மார்க்கெட்டில் பால் எடுக்கப் போனவளுக்குத் தன் குரலே கேட்டது. "குடிக்கலாம்." திரும்பிப் பார்த்தால், பீர் அலமாரிக்கு மேலே ஒரு திரை, அதில் அவள் முகம். குவளையை மேசையில் வைக்கிறாள், "குடிக்கலாம்" என்கிறாள், உடனே மீசை, உடனே பாட்டில். மறுபடி முதலிலிருந்து. அவள் சொன்னதில் மீதிப் பாதியை மீன் வாலை நறுக்குவது போல நறுக்கி எறிந்திருந்தார்கள்.

அவள் பாலைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கல்லாவில் இருந்த கெர்லிண்டே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் என்ன பண்ணட்டும் ரோஸ்வித்தா? மேலிடத்துலேந்து வருது. அணைக்கறதுக்கு சுவிட்சு கூட இல்ல."

வக்கீலிடம் கேட்டாள். வாசல் பலகையில் எழுதியிருந்ததாம்: உள்ளே நுழைகிறவர்கள் படம் பிடிக்கச் சம்மதிக்கிறார்கள். வழக்குப் போடலாம், நேரம் பிடிக்கும் என்றார். வழக்கு முடிவதற்குள் எத்தனை லாரி பாட்டில் போகும் என்று அவர் சொல்லவில்லை.

அதைவிட மோசம் ஒரு தொலைபேசி. நூரன்பெர்க் மலையேறும் சங்கத்தின் செயலாளர். நல்ல மனிதர், வருஷக்கணக்காக ஆட்களைக் கூட்டி வந்தவர். "கிறிஸ்துமஸ் விருந்துக்காவது உங்க வீட்டுக்கு வரதா இருந்தோம். ஆனா நீங்களே அந்தப் பாட்டிலைக் குடிக்கலாம்னு சொல்லிட்டீங்களே, அதையே பெட்டி பெட்டியா வாங்கிட்டோம். உங்க வாயால கேட்டா நம்பாம இருக்க முடியுமா?" ரோஸ்வித்தா போனை வைத்துவிட்டு, நிலவறைக்கு இறங்கிப் போய், பீப்பாய்கள் நடுவே நின்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஓட்மாரை, ஸ்வென்யாவை, செத்த மானை, கடைசியில் தன்னை.

மீதியை முதலில் சொன்னது ஹார்ட்விக். சூப்பர் மார்க்கெட்டுக்கு ரொட்டி வாங்க வந்தவர். திரை "குடிக்கலாம்" என்றது. கிழவர் தலைகூடத் தூக்காமல், ரொட்டியை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "ஆனா பாட்டில்ல இருக்கறது இது இல்ல" என்றார். கெர்லிண்டே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தத் திரைக்கு மானம் ரோஷம் ஒன்றும் கிடையாது, சற்று நேரத்தில் மறுபடி சொன்னது. இந்தத் தடவை ஹார்ட்விக்கோடு பால்காரரும் சேர்ந்துகொண்டார்.

அப்புறம் அது தொற்றுநோய். ஓட்மார் வீட்டு முன்னறையில் அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோருக்கும் மீதி தெரியும். அவர்கள் கடைக்குள் நுழைந்தால் சும்மா போகமாட்டார்கள். பக்கத்து ஊர்க் கடைகளிலும் அதே திரைதான். அங்கேயும் போய்ச் சேர்ந்தது. பாட்டில் எடுக்கக் கை நீட்டிய வெளியூர்க்காரன், முதுகுக்குப் பின்னால் நாலு பேர் ஒன்றாகச் சொல்வதைக் கேட்டுத் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டதைக் கெர்லிண்டே நடித்தே காட்டினாள். மாவட்டக் கால்பந்துப் போட்டிக்கு க்ரோன்வால்ட்தான் செலவு செய்திருந்தது. இடைவேளையில் ஒலிபெருக்கி "குடிக்கலாம்" என்றதுதான் தாமதம், இரண்டு ஊர் ஆட்களும் அதுவரை ஒருவரையொருவர் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, ஒரே குரலில் மீதியைக் கத்தினார்கள். கம்பெனிக்கு முதலில் ஏக சந்தோஷம். ஜனங்கள் விளம்பரத்தோடு கூடவே பேசுகிறார்கள் என்று ஸ்வென்யா எங்கேயோ பெருமைப்பட்டுக்கொண்டாளாம். என்ன பேசுகிறார்கள் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஓட்மார் கடைக்கு வருவதை நிறுத்தினான். பெட்ரோல் பங்கில் ரொட்டி வாங்கினான். ஆனால் நட்சத்திரம் அப்படி நிற்காதே. வசந்தத்தில் மறுபடி அவன் முறை வந்தது. நிலவறையில் பீர் தயார். முதல் குவளைக்கு ரோஸ்வித்தா வரவேண்டும். அவள் வருவாள் என்று ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் வராவிட்டால் இரண்டாவது குவளை கிடையாது, பீர் நிலவறையிலேயே கெட்டுப்போகும். இந்த ஊரில் அப்படி ஒரு வீட்டுக்கும் நடந்ததில்லை. நடந்தால் அந்த வாசலில் அதற்கப்புறம் நட்சத்திரம் தொங்கினாலும் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

ஆகவே அவளைத் தேடிக் கடைக்கே வந்தான். கல்லா வரிசையில் அவள் பாலோடும் வெண்ணெயோடும் நின்றிருந்தாள். பின்னால் ஹார்ட்விக். ஓட்மார் கையில் ஒரு பொட்டலம்கூட இல்லை. வாங்க வந்தவன் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"ரோஸி, வியாழக்கிழமை வருவியா?"

"எதுக்கு? மான் இன்னும் உசிரோட இருக்கா?"

"கேமரா கிடையாது. சத்தியமா கிடையாது. நம்ம ஆளுங்க மட்டும்தான்."

"நம்ம ஆளுங்களா? அதுல நீ எப்போ சேந்த?"

அப்போது பார்த்துத் திரை வாயைத் திறந்தது. "குடிக்கலாம்." கடை முழுக்க ஆட்கள் மூச்சை இழுத்தார்கள். ஹார்ட்விக்கின் வாய் திறந்தேவிட்டது. ரோஸ்வித்தா கையைத் தூக்கினாள்.

"இன்னிக்கு யாரும் சொல்லாதீங்க. அவன் சொல்லட்டும்."

ஓட்மார் சுற்றிலும் பார்த்தான். கெர்லிண்டே கல்லாவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாமானை நகர்த்தும் பட்டை நின்றது. அதன்மேல் யாருடைய வெண்ணெயோ பாதி வழியில் நின்றது.

"ரோஸி, விளையாடாத. அவங்களைப் பத்தித் தப்பாப் பேசமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு வார்த்தை வெளிய போனாலும் எல்லாம் போச்சு. பாதிக் கூரை பிரிச்சுக் கிடக்கு."

"நான் கையெழுத்துப் போடல. என் வாய வெட்டி அங்க தொங்க விட்டிருக்கீங்க. பாரு, நல்லாப் பாரு. மலையேறும் சங்கத்துக்காரன் என் வாயக் கேட்டு உன் தண்ணிய வாங்கினான். என் பெஞ்சு காலி. வியாழக்கிழமை நான் வரேன். வந்து குடிக்கறேன், சொல்றேன். அதுக்கு முன்னாடி என்னோட மீதிய நீ திருப்பிக் குடு."

"எல்லார் முன்னாலயுமா?"

"எல்லார் முன்னாலயும்தானே வெட்டின?"

திரை மறுபடி சொன்னது. யாரும் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னது. அந்த மௌனத்தில் அவள் குரல் அசிங்கமாகக் கேட்டது, யாரோ காலி அறையில் விற்பது போல. வெளியூர்க்காரி ஒருத்தி என்ன நடக்கிறது என்று புரியாமல் தன் கூடையை மெல்லக் கீழே வைத்தாள். ஓட்மாரின் மீசை நுனிகள் ஆடின. அவன் அழப்போகிறான் என்று ஹார்ட்விக் நினைத்தார். ரோஸ்வித்தாவும் நினைத்தாள். அவள் மனம் கொஞ்சமும் இளகவில்லை.

திரை மீண்டும், "குடிக்கலாம்."

"ஆனா பாட்டில்ல..." என்று ஓட்மார் ஆரம்பித்தான். மீதி அவன் மீசைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

"கேக்கல," என்றாள் ரோஸ்வித்தா.

"ஆனா பாட்டில்ல இருக்கறது இது இல்ல."

"ரொட்டிக் கடை வரைக்கும் கேக்கணும். நூரன்பெர்க் வரைக்கும் போன என் குரலுக்குப் பதில் இது."

ஓட்மார் திரையைப் பார்த்துத் திரும்பி நின்றான். அதிலிருந்த தன் மீசையைப் பார்த்தே கத்தினான். ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெண் பயந்து தட்டைக் கீழே போட்டாள். கத்தி முடித்ததும் அவன் தோள்கள் இறங்கின. வெளியூர்க்காரி தன் கூடையிலிருந்த மீசைப் பாட்டில்களை எடுத்து, சத்தம் வராமல், அலமாரியில் திருப்பி வைத்தாள்.

கெர்லிண்டே பட்டையை ஓடவிட்டாள். ரோஸ்வித்தா காசு கொடுத்தாள், பாலைப் பையில் போட்டாள், ஓட்மாரைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"வியாழக்கிழமை வரேன்," என்றாள். "புளிச்சிருந்தா புளிச்சிருக்குன்னுதான் சொல்லுவேன்."